வெளித்தொட்டி

மூடி மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கினேன்.
ஜெனரேட்டரோடு வந்த மூடியில் கைவைக்கத் துணியவில்லை,
இன்னும் ஏழு தவணை பாக்கி.

செவ்வாய்ப்பேட்டை லேத்தில் மொய்தீன்
மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நடுவுல ஓட்டை போடவாம்மா? பெட்ரோல் ஆவியாப் போயிருமே."
ஓட்டையில்லை பாய், வாய்.
பித்தளை நிப்பிள் ஒன்று வைத்து
உள்ளே ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒன்று,
எறும்பின் மூச்சுகூட நுழையாதபடி இறுக்கிக் கொடுங்கள்.
எஞ்சின் குடிக்கக் குடிக்கச்
சின்னத் தொட்டிக்குள் ஒரு வெற்றிடம் உண்டாகும்.
அந்த வெற்றிடம்தான் குழாய் வழியே
பெரிய தொட்டியிலிருந்து இழுக்க வேண்டும்.
வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.
நூற்றெண்பது ரூபாய்.
எதற்கு என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
என் வீட்டுக்காரர்
தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோகிறவர்.
மற்றது எதையும் மறக்கமாட்டார்,
என் அண்ணன் வாங்கிப்போன ஏணி உட்பட.
முகத்தில் கவசம், தும்பிக்கை போல ஒரு குழாய்,
தலைமாட்டில் காற்றடிக்கும் பெட்டி.
மூன்று வருடமாக
ப்ளக் பாயிண்ட் இருக்கிற சுவரோரம்தான் எங்கள் இரவு.

இரண்டு லிட்டருக்கு நான்கு மணி நேரம்.
ஏற்காட்டு இரவோ எட்டு மணி நேரம்.
நடுச்சாமத்தில் எழுந்து, சூடான எஞ்சின்மேல்
பெட்ரோல் ஊற்ற நான் தயாரில்லை.

பங்க்கில் பிளாஸ்டிக் கேன் ஆகாது என்றார்கள்.
பத்து லிட்டர் தகர டின்.
இருபது கொண்டை ஊசியிலும்
அதைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டே வந்தேன்,
கண்ணாடியை இறக்கிவிட்டு,
பிள்ளையைப் பிடித்திருக்கிறவள் போல.

சேலம் தெரிகிற சரிவில் ஒரு காப்பித் தோட்டம்.
சில்வர் ஓக் மரத்தடியில் கூடாரம்.
முப்பது தப்படி தள்ளி,
காற்று புகையை எதிர்ப்பக்கம் கொண்டுபோகிற இடம் பார்த்து
ஜெனரேட்டர். அதன் பக்கத்தில் டின்.
பக்கத்துக் கூடாரத்துப் பையன் வந்தான்.
"ஆன்ட்டி, இத எப்ப ஆஃப் பண்ணுவீங்க?"
விடிஞ்சதும் தம்பி.
பட்டாசு நனைந்துபோன முகத்தோடு திரும்பினான்.

அவர் தூங்கினார். நான் சத்தத்தைக் காவல் காத்தேன்.

மூன்று பத்துக்கு அது ஒருமுறை இருமியது.
இன்னொரு முறை.
பிறகு இல்லை.

முதலில் கவசத்தைக் கழற்றினேன்.
பிறகு டார்ச்சோடு ஓடினேன்.
டின் உள்ளுக்குள் ஒட்டிக் கிடந்தது,
பல்லில்லாத வாய் பீடியை இழுக்கிற மாதிரி.
இன்னும் பாதிக்குமேல் பெட்ரோல் இருக்கிறது.
தலையில் இருந்த சின்னத் திருகை
நான் திறக்கவே இல்லை.
மலையேறும்போது வாடை வரக்கூடாதென்று
நானே முடுக்கியது.
ஒரு தொட்டியை மூடச் சொன்னவள்
மற்றதற்கு மூச்சு வேண்டும் என்று நினைக்கவில்லை.

அரைச் சுற்று.
ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது.
டொக்கென்று கன்னம் நிமிர்ந்தது.

மூடுபனி கொஞ்சம் விலகி
கீழே சேலம் முழுக்க விளக்குகள்.
அங்கே வீட்டுக்கு வீடு சுவரில் இரண்டு ஓட்டை
மின்சாரத்தோடு சும்மா இருக்கிறது.
ஏதோ பூச்சி, பெயர் தெரியவில்லை,
அறுத்துக்கொண்டே இருந்தது.
ஜல்லி மிஷின் போல அவருடைய குறட்டை.
நின்றது.
கயிற்றின் பிடி என் கையில்.
ஐந்து. ஆறு. ஏழு.
திரும்ப வந்தது.
இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நின்றேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்,
அவ்வளவு நாளாயிற்று அவர் மூச்சைப் பெட்டியில்லாமல் கேட்டு.
எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று

இழுத்தேன்.
பிடிக்கவில்லை.
இரண்டாவது இழுப்புக்குக் கொஞ்சம் புகை.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து
"அய்யோ" என்றது ஒரு குரல்.