ஓர் எழுத்து

கம்மனஹள்ளியில் டயர்க் கடைக்கு மேல் மாடி.
ஆறு மணி வகுப்புக்கு
ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிடும் ரப்பர் வாசனை.

மொக்போவில் ஆறு வருடம்
பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தேன்:
எனக்குப் பிடித்த பழம் பேரிக்காய்,
எனக்குப் பிடித்த கிழமை சனி.
லீவு நாட்களில் பஸ் மாறி, படகேறி
தீவு தீவாகப் போய் மழை பார்த்தேன்.

திரும்பி வந்த உடம்பு
இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.
ஆட்டோக்காரருக்கு இரண்டு கையாலும் பணம் நீட்டுகிறேன்.
"மீட்டர் மேலே ஐவத்து" என்றால்
"நே" என்று தலை குனிகிறேன்.
நே என்றால் அங்கே சரி.
நூறாகக் கேட்டிருக்கலாமே என்று
அவர் முகம் வாடுகிறது.

வகுப்பில் பாதிப் பேர் சீரியல் பார்த்து வந்தவர்கள்.
காதலைச் சொல்லத் தெரியும்,
கக்கூஸ் எங்கே என்று கேட்க வராது.

அமலதாஸ் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறார்.
வெல்டர். உல்சானில் கப்பல் கட்டப் போகிறார்.
அப்பா அங்கேயும் அப்பாதான் என்றேன்,
எந்த பேட்சும் சிரிக்கிற இடம்.
அவர் சிரிக்கவில்லை.
"சம்பளம் இன்னும் வரலைன்னு
எப்படிங்க மேடம் சொல்றது?"

ஆறு வருடத்தில் எனக்குத் தேவைப்படாத வாக்கியம்.
பலகையில் எழுதினேன், மரியாதை விகுதியோடு.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"மரியாதை இல்லாம?"

கீழே எதற்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி எழுத்து ஒன்றை எடுத்தால் போதும்.
விரலாலேயே துடைத்தேன்.
அவர் சத்தமாகப் படித்தார்.