ஒன்பதாம் கட்டம்

ஏற்றுமதிப் படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
பயணத்தின் நோக்கம்.
இறைச்சிக்கா, பாலுக்கா, இனப்பெருக்கத்துக்கா.
உலக முடிவுக்கு என்று
கட்டம் எதுவும் அச்சிடவில்லை அரசாங்கம்.

டெக்சஸில் நவம்பர். தகரக் கொட்டகை தடதடத்தது.
புதுச் செங்கல் நிறத்தில் கிடாரி,
கழுத்து நுகம் அறியாதது.
அதன் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார் டெல்மர் ஹாக்ஸ்டெட்,
ஆளுநர் வந்தபோதும் கழற்றாதவர்.
ஜெருசலேமிலிருந்து வந்த எல்கனா பொருஷ்
பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு
வாலிலிருந்து தொடங்கினார்,
வைக்கோல் தூசிக்குத் தும்மித் தும்மி.

இருவருக்கும் இதே பசுவின் சாம்பல் வேண்டும்.
இவருக்கு, இன்னும் வராதவர் வர.
அவருக்கு, வந்துபோனவர் திரும்ப.
மதியம் ஒரே பெஞ்சில் சாப்பிட்டார்கள்,
பொட்டலம் வேறு, உப்பு ஒன்று.
வருகிறவர் வந்த மறுநாள்
பக்கத்தில் இருப்பவர் என்ன ஆவார் என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செனட்டரின் உதவியாளன் இரண்டு முறை போன் செய்தான்.
ஞாயிற்றுக்கிழமைத் திரையில்
பசுவின் முகம் வீடளவு காட்டியாயிற்றாம்,
காணிக்கைப் பைகள் கனத்துவிட்டனவாம்,
தேர்தலுக்கு ஆறு வாரம்தானாம்.
"கையெழுத்து ஆயிற்றா டாக்டர்?"

இடது காதின் அடியில் பார்த்தேன்.
வெள்ளை. இரண்டு.
சாணம் அள்ளிய எலூத்தேரியோவும் பார்த்தான்.
அவன் விரல் நீண்டது,
பிடுங்கவா வருடவா, இன்றுவரை நான் கேட்கவில்லை.
எழுதிவிட்டேன்: இரண்டு.

மயிரிழையில் தப்பியது என்பார்களே,
அட்சரம் பிசகாமல் அப்படியே தப்பியது.

எல்கனா அழவில்லை.
கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார்,
அடுத்த கன்று எப்போது என்றார்.
டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

மயிர் பசுவைத்தான் நிறுத்தியது.
காசோலைகள் அதற்குள் கடல் தாண்டியிருந்தன.
வசந்தத்தில் செய்தியில் ஒரு குன்றைக் காட்டினார்கள்.
உச்சியில் புது வீடுகள், ஒரே மாதிரி ஓடு.
சரிவில் ஒலிவ மரங்கள், வேர் மேலாக.
பசீமா என்ற பெண் மைக்கைப் பார்க்காமல்
மரம் மரமாகத் தொட்டு, நட்டவர் பெயர் சொல்லிப் போனாள்.
நாற்பத்தொன்றில் விளம்பரம் வந்துவிட்டது.
அந்த மரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க
யாரையும் யாரும் அனுப்பவில்லை.

கிடாரி இப்போது சினை.
டெல்மர் நாள் எண்ணுகிறார்.