இருபத்தைந்தாவது சொல்

குட்டைசியில் மழை. ரெவாஸின் மேஜையில்
தீப்பெட்டியளவு கருவி, அவன் கணினி,
எரிவாயு ரசீதின் முதுகில்
கிறுக்கி வைத்த இருபத்து நான்கு சொற்கள்.
ஏழாவதன் மேல் ஒயின் கறை.
சாலட்டா, சால்மனா,
கடைசியில் உப்பு. ஒப்புக்கொண்டது கருவி.

பூஜ்யம்.

இன்னொரு சொல் இருக்குமாம், அவனாகச் சேர்த்தது.
தவறு என்று இது ஒருபோதும் சொல்லாது;
எதை அடித்தாலும் ஒரு வீட்டைத் திறந்துவிடும்,
துடைத்துப்போட்ட வீடு.
என் பெயர்: காலி.
மகள் பெயருக்கும் அதேதான்.
செத்துப்போன நாய், பழைய லாடாவின் எண்,
ரியோனி ஆறுகூட.

அடக்கத்தன்று திபிலீசியிலிருந்து வந்து
கடைசி வரிசையில் நின்றுவிட்டு
சாப்பிடாமல் போனாளே, லாமாரா.
முதல் எழுத்தின் மேல்
விரலை வைத்திருக்கிறேன், இன்னும் அழுத்தவில்லை.
காலியென்றால் சரி.
இருந்துவிட்டால்?