நான்காம் தொட்டி

டோங்கோய் விரிகுடாவில் மூடுபனி விலகாத காலை.
பதினோராம் நாள் சல்லடையில்
விசிறிச்சிப்பிக் குஞ்சுகள் பாதிக்குமேல்
அசையாமல் கிடந்தன,
கஞ்சித் தெளிவு போல வெளிறி.

"கையைக் கழுவினாயா?"
முதல் கேள்வி என்னிடம்தான் வந்தது.
இரவு வேலைக்காரியிடம்தானே வரும்.
கழுவினேன், முழங்கை வரை.
சோப்பு தின்ற விரல்களை நீட்டிக் காட்டினேன்.

அடுத்து தண்ணீரை விசாரித்தார்கள்:
உப்பு சரி, சூடு பதினெட்டு.
அப்புறம் வடிகட்டியை,
அப்புறம் குழாயின் வளைவை,
நிபால்டோவின் ரப்பர் பூட்ஸைக்கூட.
யார்மேலும் குற்றமில்லை.
குஞ்சுகள் மட்டும் செத்துக்கொண்டே இருந்தன.

பெர்னார்டா நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள்.
"இது ஏழாம் தொட்டிக் குஞ்சு.
உள்ளே எண்ணெய்த் துளிகள் தெரிகிறதா?
இப்போது இதைப் பார், நான்கு."
பார்த்தேன்.
ஓடு இருந்தது. வடிவம் குறையவில்லை.
உள்ளே
சாமான் எடுத்துப்போன வீடு.

முட்டையிட்ட அன்று
இரண்டு தொட்டிக்கும் வித்தியாசமே இல்லை.
சொல்லப்போனால்
நான்கில்தான் இரண்டு லட்சம் கூடுதல்.
மேலாளர் எர்வின் அந்த எண்ணைப்
பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
எண்ணுக்கு வயிறு கிடையாது.

"அப்படியானால் பசி எப்போது?" என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்,
குஞ்சுகள் பிறப்பதற்கு முந்தைய பக்கங்களுக்கு.

ஆகஸ்ட்.
மின்கட்டணம் ஏறிய மாதம்.
பாசி வளர்க்கும் விளக்குகளில் பாதியை
அணைக்கச் சொல்லி ஒரு குறிப்பு.
மூன்று வகைப் பாசி ஏழாம் தொட்டிக்கு.
நான்காம் தொட்டிக்கு
ஒரு வகைப் பாசியும் சோளமாவும்.
மூன்று வாரம்.
ஒவ்வொரு வரியின் முனையிலும்
ஊற்றியவர் கையெழுத்து:
யஸ்னா, யஸ்னா, யஸ்னா.

விசிறிச்சிப்பி ஓருடம்பில் இருவர்.
வெள்ளைப் பக்கம் தகப்பன்,
செம்மஞ்சள் பக்கம் தாய்.
அந்த மாதம் நான்காம் தொட்டியில்
செம்மஞ்சள் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது.
பார்த்தேன்.
குழல்விளக்கின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

கிடைக்காததைக் கேட்டு அவை கத்தவில்லை.
தம் தசையையே கரைத்துக்கொண்டு
முட்டையின் எண்ணிக்கையைக் காப்பாற்றிவிட்டன.
கட்டுச்சோற்றை மட்டும்
வைத்தனுப்ப முடியவில்லை.

இனி நிறையக் கொடுத்தால் தேறாதா?
கொடுத்தோம்.
மூன்று வகைப் பாசியும்,
வேளை தவறாமல், எல்லா விளக்கும் எரிய.
தண்ணீர் பச்சையும் பொன்னுமாய்ச் சுழன்றது.
விருந்துக்கு நடுவே அவை மூழ்கின.

"பெற்றவற்றைச் சோதித்தால் உறுதியாகிவிடும்"
என்றாள் பெர்னார்டா.
நிபால்டோ தரையைப் பார்த்தான்.
முட்டையிட்ட மறுநாளே
கொக்கிம்போவுக்குப் பெட்டி போய்விட்டது.
பாலாடைக்கட்டி தூவி, அடுப்பில் பொன்னிறமாகி,
எலுமிச்சைத் துண்டோடு
யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையில்
சாட்சிகள் முடிந்துபோயிருந்தன.

பதினெட்டாம் நாள்
ஏழாம் தொட்டிக் குஞ்சுகளுக்குக்
கரும்புள்ளியாய்க் கண் வைத்தது.
நான்கில் ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ
தாமதமாய், கோணலாய்,
கயிற்றில் வந்து ஒட்டின.
அவற்றை நான் எண்ணவில்லை.

இழப்புப் படிவம் என் மேசையில்.
தேதிக்கான கட்டங்கள்
முட்டையிட்ட நாளிலிருந்துதான் தொடங்குகின்றன.
அதற்கு முன்னால் எழுத இடமில்லை.
காரணம் என்ற இடத்தில் எர்வின்
"தெரியவில்லை" என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்,
அழகான கையெழுத்து.

காகிதத்தைத் திருப்பி
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
ஆகஸ்ட் மூன்று முதல் இருபத்து நான்கு வரை.
சோளமாவு.
ஊற்றியது நான்.