ஈக்களுக்குக் கூழ் காய்ச்சுபவன்

ஊலு நகரத்து டிசம்பர்.
பத்தரைக்கு வருகிற சூரியன்
இரண்டு மணிக்கே நழுவிவிடும்,
தெருமுனையில் கடன்காரனைப் பார்த்தவன் போல.

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் என் அடுப்பு.
சோளமாவு, ஈஸ்ட், வெல்லப்பாகு:
பழ ஈக்களுக்குக் கூழ்.
இருபத்திரண்டு வருஷமாய்க் கிண்டுகிறேன்.
ஒரு ஈயும் இதுவரை குறை சொன்னதில்லை.

மாடியில் ஹெலினா
ஓர் ஈயை மெழுகில் பதித்து
அதன் கண்ணுக்குள் கண்ணாடி ஊசி இறக்கியிருந்தாள்.
"அர்மாஸ், ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்."

விளக்கை அணைத்தாள்.
இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம், உடனே இல்லை.
திரையில் கோடு எகிறிக் குதித்து
நான் இமைப்பதற்குள் படுத்துவிட்டது.

"இது சாதாரண ஈ.
வெளிச்சம் தட்டினால் சேதி சுமக்கும் புரதம்,
கதவாகவே நிற்கும் புரதம்,
கதவைச் சாத்த வைக்கும் புரதம்,
மூன்றும் தோள் உரச ஒரே இடத்தில் நிற்கும்.
நிற்க வைப்பது இன்னொன்று.
அதற்கு வெளிச்சம் தெரியாது, சேதியும் தெரியாது.
ஐந்து பிடி உண்டு.
பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்."

மணக்காத நார்.
அறுந்தால்தான் தெரியும்,
தரையெல்லாம் பூ.

அடுத்த ஈ
அது இல்லாமலே பிறந்தது.
அதே பொட்டு வெளிச்சம்.
கோடு சோம்பலாக எழுந்தது,
எழுந்தது
இறங்க மறந்தது.
விளக்கு போய் எவ்வளவோ ஆகியும்
(ஒரு செல்லின் கணக்கில் அது ஒரு யுகம்)
வெளிச்சம் வெளிச்சம் என்றே
முனகிக்கொண்டிருந்தது அந்தக் கண்.

"சாத்துகிறவன் எங்கே போனான்?"

"உள்ளேதான் இருக்கிறான்.
வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
மிதந்துகொண்டு."

பிறகு அவள் பேசவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால் கொக்கியில்
வைனோவின் மழைச்சட்டை.
மார்ச்சிலிருந்து தொங்குகிறது.
முழங்கால் பனியில் மழைச்சட்டை எதற்கு என்று
இங்கே யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

இன்னொரு முறை மின்னவிட்டாள்.
இன்னொரு முறை.
ஒவ்வொரு முறையும் கோடு
மேலேயே தங்கியது.

படியிறங்கிப் பாதி வந்திருப்பேன்.
"அர்மாஸ்!
இதுகளுக்கு மட்டும் நாளைக்கு
பாகு கொஞ்சம் கூட்டிக் காய்ச்சுங்கள்."

அளவு மாறவே கூடாது என்று
அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டியிருப்பது
அவள் கையெழுத்து.

ஒட்டியது அப்படியே இருக்கட்டும்.
ஒரு கரண்டி கூட விட்டேன்.