உலர்ந்த சக்கரம்

காஸ்த்ரோ சந்தையில் கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு
வீடு திரும்பிய மாலை.
சிலோயே தீவில் மழை, அது எப்போதும்தான்.
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தேன்.
மூன்று சக்கரங்கள் நனைந்திருந்தன.
பின்னால் இடப்பக்கம் மட்டும் உலர்ந்து கிடந்தது.
விழுந்த துளி விழுந்த கணமே ஆவி.

சந்தேகம் புதிதில்லை.
தால்காவே இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால்
தானே உருண்டு படகுத்துறை சேரும் வண்டி,
எண்பத்தாறாம் வருட ஷெவர்லே,
கொஞ்ச நாளாய்ச் சண்டிமாடு.
ஒரு மூட்டைக் கிழங்கின் காசு
பெட்ரோலாய் எரிந்து போனது.

யார் வேலை என்று எனக்குத் தெரியும்.
ஒரு வியாழக்கிழமை இரவல் வாங்கிப் போனான்
தங்கை புருஷன் ரொசாமெல்.
கைபிரேக்கை இறக்காமலே
கெம்ச்சி வரை ஓட்டியிருப்பான்.
ஞாயிறு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.
அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.
(வியாழனுக்கு முந்திய செவ்வாயே
வண்டி இறக்கத்தில் ஒருமுறை நின்றது.
அதை மேசையில் சொல்லவில்லை.)

திங்கள். முன் சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுத்து
பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன்.
வலது, தட்டினால் சுற்றியது.
இடது, இரண்டு கையாலும் திருகினால்
கால் சுற்று. பிறகு முறைப்பு.

முதல் சந்தேகம் ரப்பர் குழாய்மேல்.
உள்ளே வீங்கிவிட்டால்
போன எண்ணெயைத் திரும்ப விடாது,
கைமாற்று வாங்கியவன்போல.
காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்தேன்.
பீய்ச்சவில்லை. சோம்பலாய் ஒரு சொட்டு.
சக்கரம் அதே இறுக்கம்.
குழாய் நிரபராதி.

அடுத்தது கைபிரேக் கம்பி.
வண்டியின் வயிற்றுக்கடியில் சேற்றில் மல்லாந்து
நட்டைத் தளர்த்தினேன். கம்பி தொய்ந்து தொங்கியது.
ஊர்ந்து வெளியே வந்து சக்கரத்தைத் திருகினேன்.

அதே இறுக்கம்.

சேற்றிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பின்தட்டின் ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவர் விட்டு
நட்சத்திரத் திருகைப் பல் பல்லாய்ப் பின்னுக்குத் தள்ளினேன்.
டிரம்மின் இரு துளைகளில் போல்ட் முறுக்க
முனகிக்கொண்டே கழன்றது.
தூசியை ஊதவில்லை, நனைத்துத் துடைத்தேன்.
சிலிண்டரில் கசிவில்லை.
ஸ்பிரிங்குகள், நான் இழுத்தால் என்னை இழுத்தன.
ஷூக்களையும் கழற்றிய பிறகு
விரல்தான் கண்டது, கண் அல்ல:
ஷூவின் விளிம்பு உரசும் மேட்டில்
ஒரு பள்ளம், நகம் உட்காருமளவு.
இத்தனை வருடமும் போய்ப்போய் வந்து
ஷூ தனக்குத்தானே தோண்டியது.
மிதித்தால் ஏறிவிடும்.
விட்டால் இறங்கத் தெரியாமல்
விளிம்பில் மாட்டி நிற்கும்.
மொத்தம் மூன்று பள்ளம்.

அரம் போதாது. வெல்டிங் வேண்டும்.
இந்தப் பக்கம் வெல்டிங் மெஷின்
ஒரே வீட்டில்தான் இருக்கிறது.

ரொசாமெல் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை.
ரப்பர் வெந்துவிடும் என்று சிலிண்டரைக் கழற்றி
என் கையில் வைத்தான்.
மூன்று பள்ளங்களில் மூன்று சொட்டு வெளிச்சம்.
ஆறியதும் நான் ராவினேன், விரல் வழுக்கும்வரை.
கடுகளவு கிரீஸ்.

மாட்டி முடித்ததும் குழாய்க்குள் காற்று.
அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்,
மேலே மிதிக்க ஒருவர், கீழே திருகைத் திறக்க ஒருவர்.
பேசாமல் செய்ய முடியாத வேலை.
"மிதி."
மிதித்தேன்.
"பிடி."
பிடித்தேன்.
"விடு."
தகரக் கூரையில் மழை.
பதினோரு முறை அந்த மூன்று சொல்.
பன்னிரண்டாவது முறை
வண்டிக்கடியிலிருந்து:
"கைபிரேக்கை இறக்கித்தான் ஓட்டினேன்."

"தெரியும்" என்றேன்.
பெடல் காலடியில் கல்லாகியிருந்தது.
விடு என்று அவன் சொல்லும்வரை
மிதித்தே பிடித்திருந்தேன்.
வெகுநேரம் சொல்லவில்லை.

மறுநாள் தால்காவே இறக்கத்தில்
நியூட்ரலில் விட்டேன்.
மீன்கூடைக்காரி பெர்சிதா கையைக் காட்டிக் கத்தினாள்.
துறையின் கடைசிப் பலகைக்கு முன்னால்
பிரேக் போட வேண்டியிருந்தது.