வட்டி வீதம், நீர்மட்டம்

கரடிப்போக்குச் சந்தி வங்கியில்
டிலக்சன் என்ற பெடியன்
ஒரு தாளை நடுவில் மடித்து
இந்தப் பக்கம் நிலையான வீதம், பதின்மூன்றரை,
அந்தப் பக்கம் மாறும் வீதம், பதினொன்றரை
என்று எழுதித் தந்தான்.
முப்பது லட்சம். பதினைந்து வருசம்.
"யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா,
மத்தியானத்துக்குப் பிறகு சிஸ்டம் ஸ்லோ."

வெளியே வந்து ரீ குடித்தோம்.
மாதத்துக்கு மூவாயிரத்துத் தொளாயிரம் வித்தியாசம்:
மகனின் கணித ரியூசன்,
மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கிழமைப் பெற்றோல்,
மிச்சத்தில் ஒரு கோழி.
குகதாசன் நிலையானதன் மேல் விரலை வைத்தார்.
எடுக்கவில்லை.
கேற்றும் கிறில்லும் ஒட்டுகிற கை,
நகத்துக்குள் கரி.
"இரும்பு விலை கிழமைக்கு ஒண்டு சொல்லுறாங்கள்.
வீட்டிலயாவது ஏதோ ஒண்டு அசையாமக் கிடக்கட்டும்."

எங்கள் கந்தோர் சுகந்தமலருக்கு நடந்தது அவருக்குத் தெரியும்.
பெற்றோலுக்கு வரிசையில் படுத்துறங்கிய அந்த வருசம்
அவளுடைய பத்து, இருபத்தாறாய் ஏறியது.
கூரை போட்டாள். சுவருக்குப் பூச்சு இன்றுவரை இல்லை.
ஏறினபோது வங்கியிலிருந்து கடிதம் வந்தது.
இறங்கினபோது
அவளாகப் போய்க் கேட்கவேண்டியிருந்தது.

நான் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம், மருந்துப் போத்தல் எழுத்தில்,
நிலையான வீதம் முதல் இரண்டு வருடங்களுக்கு மட்டும்.

"தம்பி, நிலையானது எண்டால் ரெண்டு வருசமோ?"
"ஓம் அக்கா. அதுக்குப் பிறகு அந்த நேரத்து வீதம்."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
தற்போதைய முகவரியில் எத்தனை வருடம்?
முந்தைய முகவரி?
அதற்கு விட்டிருந்தது ஒரேயொரு கோடு.
முரசுமோட்டை என்று தொடங்கி நிறுத்தினேன்.
ஒரே வருசத்தில் பதினொரு இடம் இருந்தவர்கள் நாங்கள்.
அதிலொன்று பூவரசின் கீழ், நாலு நாள்.
"ரெண்டு வருசம் நிலையா இருக்கிறது
சின்ன விசயமே?" என்றார் இவர்.
டிலக்சன் கல்குலேற்றரிலிருந்து தலை நிமிர்த்தாமல்
"எங்களுக்குப் பதினாலு, அண்ணை.
கடைசி இடத்தை எழுதுங்கோ,
சிஸ்டம் ஒண்டைத்தான் எடுக்கும்."

எனக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை.
இரணைமடுவில் காலை ஆறு மணிக்கு
அளவுகோலைப் பார்த்து எழுதுவது.
கோல் சீமெந்தில் இறுக்கியது, தண்ணீர் அப்படியில்லை.
மார்கழியில் கதவைத் திறக்கச் சொல்லி முட்டும்.
ஆவணியில் கோலடியில் சேறு வெடித்துக் கிடக்கும்.
பத்து வருசமாய் எழுதியும்
நாளைக்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.
இன்றைக்கு எவ்வளவு என்றுதான் சொன்னேன்.
அதை வைத்துத்தான் விதைத்தார்கள்,
சில போகம் பிழைத்தும் போனது.

மாறும் வீதத்தில் கையெழுத்து வைத்தேன்.
இவர் வைக்க ஒரு நிபந்தனை:
அந்த மூவாயிரத்துத் தொளாயிரத்தை
மாதாமாதம் வேறு புத்தகத்தில் போடவேண்டும்,
ஏறுகிற காலத்துக்கு.
கோழிக்கென்று தொடக்கூடாது.
"பெற்றோலுக்கு?"
"சைக்கிள் நிக்குதுதானே."

திருவையாற்றுக் காணியில்
அத்திவாரக் கிடங்கு வெட்டியாயிற்று.
மழைத்தண்ணி நிற்கிறது, தவளை குடிவந்துவிட்டது,
வாடகை இல்லாமல்.

நீர்மட்டக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
மாதம் ஒருமுறை இரண்டு எண் எழுதுகிறேன்.
மேலதிகாரி இன்னும் அந்தப் பக்கம் புரட்டவில்லை.

தை: பதினொன்றரை. முப்பத்துநாலு அடி.
மாசி: பதினொன்றரை. முப்பத்திரண்டு அடி, ஐந்து அங்குலம்.
பங்குனி: பன்னிரண்டேகால்.

தண்ணீரை இன்னும் பார்க்கவில்லை.
ஆறு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கிறது.